அழிப்பை இடைநிறுத்தாத ஃபிளாஷ் சிப்புகள்: வாங்கி ஏமாந்த கதை

சென்ற மாதம் சிங்கப்பூரின் ஜாலான் புசார் வட்டாரத்தில் ஓர் உதிரிபாகக் கடையில், 128 மெகாபிட் எஸ்பிஐ ஃபிளாஷ் சிப்புகள் (மின்சாரம் போனாலும் பதிந்ததை மறக்காத நினைவகச் சிப்புகள்) பத்தை 38 வெள்ளிக்கு வாங்கினேன். சிராங்கூன் சாலையில் மளிகைக்கடை வைத்திருக்கும் என் மச்சானின் குளிர்பதன அறைக்கு, வெப்பநிலையைப் பதிந்துவைத்து, கதவு மூடப்படாவிட்டால் தமிழில் குரல் கொடுக்கும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். பதிவுகளும் குரலும் ஒரே சிப்பில்தான் இருந்தன.

இவ்வகை ஃபிளாஷில் பழைய பதிவின்மேல் நேராக எழுத முடியாது. குறைந்தது 4 கிலோபைட் கொண்ட ஒரு பகுதியை முழுவதுமாக அழித்த பிறகே எழுத வேண்டும். நான் கேட்டு வாங்கிய ரகத்தின் தரவேட்டின்படி (தயாரிப்பாளர் தரும் விவரக் குறிப்பு) இதற்கு வழக்கமாக 45 மில்லிவினாடியும், அதிகபட்சம் 400 மில்லிவினாடியும் ஆகலாம். அதற்கிடையில் வேறு பகுதியைப் படிக்க வேண்டுமானால், ஹெக்ஸ் 75 (பதினாறடிமான எண்) என்ற கட்டளையால் அழிப்பை இடைநிறுத்திப் படித்துவிட்டு, ஹெக்ஸ் 7ஏ கொடுத்து விட்ட இடத்திலிருந்து தொடரச் செய்யலாம். இடைநிறுத்தம் 20 மைக்ரோவினாடிக்குள் நடந்துவிட வேண்டும்.

என் கருவியோ "கதவு தி" என்று சொல்லி நின்று, மூச்சு வாங்கிய பிறகே "றந்திருக்கிறது" என்றது. முதலில் என் நிரலைத்தான் சந்தேகித்தேன். சிப் முழுவதையும் அழிக்கும் கட்டளையை இடைநிறுத்த முடியாது என்பதும், தொடரச் சொன்ன மறுகணமே மீண்டும் மீண்டும் நிறுத்தினால் அழிப்பு முன்னேறாமலே போகக்கூடும் என்பதும் தெரிந்திருந்ததால், இரண்டு இரவுகள் அதிலேயே கழிந்தன. கடைசியில், சிப்புக்குப் போய்வரும் சமிக்ஞைகளைக் காட்டும் லாஜிக் அனலைசரை மாட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது: ஹெக்ஸ் 75 போன பிறகும் சிப் வேலையாக இருப்பதைக் காட்டும் 'பிஸி' பிட் ஏறத்தாழ 180 மில்லிவினாடி 1 ஆகவே இருந்தது, இடைநிறுத்தத்தைக் காட்டும் பிட் ஒருமுறைகூட 1 ஆகவில்லை. அதாவது, சிப் கட்டளையைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் வாங்கிய சிப்பை அதே பலகையில் பொருத்தியதும் குரல் தடையின்றி வந்தது. பழைய சிப்பை அசிட்டோன் தொட்ட பஞ்சால் தேய்த்தபோது, எழுத்தோடு கறுப்புப் பூச்சும் உரிந்தது.

கடைக்குத் திரும்பிப் போனேன். "ஐடி சரியாத்தானேண்ணே வருது, அப்புறம் எப்படி டூப்ளிகேட்டாகும்?" என்றார் அங்கிருந்த தம்பி. கேட்டால் சிப் தானே சொல்லும் அடையாள எண் (ஐடி) சரியாக வந்தது உண்மைதான்; நானும் அதை மட்டும் பார்த்துத்தான் ஏமாந்தேன். பயனீட்டாளர் சங்கத்தில் முறையிடலாம் என்றால், ரசீதில் "ஐசி 10" (அதாவது பத்து சிப்) என்பதற்குமேல் ஒன்றும் இல்லை. ஆகவே ரசீதில் சிப்பின் முழு எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

மொத்தமாக வாங்குமுன் ஒன்றை மட்டும் வாங்கி, ஒரு பகுதியை அழிக்கத் தொடங்கி, உடனே இடைநிறுத்தி, வேறொரு பகுதியைப் படித்து, தொடரச் செய்து, முடிந்ததும் அழித்த பகுதி முழுக்க ஹெக்ஸ் எஃப்எஃப் (எல்லாப் பிட்டும் 1, அதாவது வெறுமை) ஆகியிருக்கிறதா என்று சரிபாருங்கள். நடுவில் மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள். அப்படிச் செய்தால் நல்ல சிப்பிலும் அந்தப் பகுதியில் இருப்பதை நம்ப முடியாது.

மச்சானின் கருவியில் இப்போது நல்ல சிப் இருக்கிறது. அந்தப் பத்தையும் "இடைநிறுத்தம் கிடையாது" என்று எழுதி ஒட்டிய டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.