குறைந்த சோடியம் உப்பு: நம் அடுக்களைக்கு ஏற்றதா?

இரத்தக் கொதிப்பு இருப்பது தெரிந்தவுடன் மருத்துவர்கள் உப்பைக் குறைக்கவும் நாள்தோறும் நடக்கவும் சொல்கிறார்கள். நடைப்பயிற்சியைத் தவறாமல் தொடர்கிறவர்கள்கூட உப்பு விஷயத்தில் திணறுவதைப் பார்க்கிறேன். ஒருவருக்காகத் தனிக் குழம்பு வைப்பது பெரும்பாலான வீடுகளில் நடக்கிற காரியமில்லை. இந்தச் சிக்கலுக்குத் தீர்வாகக் கடைகளில் விற்கப்படும் குறைந்த சோடியம் உப்பை எங்கள் வீட்டில் அன்றாடச் சமையலுக்குப் பயன்படுத்தி வருகிறோம். சில நிபந்தனைகளோடு இது வாங்கத்தக்க பொருள் என்பது என் முடிவு. அந்த நிபந்தனைகளை உறையில் தெளிவாக அச்சிடாததே நான் காணும் பெருங்குறை.

வழக்கமான தூள் உப்பு ஏறத்தாழ முழுவதும் சோடியம் குளோரைடு. குறைந்த சோடியம் உப்பில் அதன் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்படுகிறது. சோடியம் உடலில் நீரைத் தேக்கி அழுத்தத்தை ஏற்றுகிறது. பொட்டாசியமோ சிறுநீர் வழியாகச் சோடியம் வெளியேறத் துணைசெய்து, இரத்தக் குழாய்கள் தளரவும் உதவுகிறது. வடசீனாவில் 600 கிராமங்களில், முன்பே பக்கவாதம் வந்தவர்களும் உயர் இரத்த அழுத்தமுள்ள முதியவர்களுமாக 20,995 பேரிடம் ஏறக்குறைய 5 ஆண்டுகள் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2021-இல் வெளியானது. அங்கு 75 பங்கு சோடியம் குளோரைடும் 25 பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களிடம் பக்கவாதம் 14 விழுக்காடும் இறப்பு 12 விழுக்காடும் குறைந்திருந்தன. அந்தக் கிராமங்களில் பெரும்பகுதி உப்பு வீட்டுச் சமையலில்தான் உணவில் சேர்கிறது. நம் வீடுகளிலும் சோறு, குழம்பு, பொரியல், இட்லி மாவு என எல்லாவற்றிலும் உப்பு நம் கையால் விழுவதால், உப்பு ஜாடியை மாற்றினாலே வேளைதோறும் பலன் கிடைக்கும் என்பதுதான் இப்பொருளின் உண்மையான மதிப்பு.

ஆனால் உறையின் முன்பக்கத்தை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. எங்கள் கடையில் எளிதாகக் கிடைப்பது 15 விழுக்காடு சோடியம் குறைந்த வகை. இந்தியர் ஒருவர் சராசரியாக நாளொன்றுக்குச் சுமார் 8 கிராம் உப்பு உண்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. உலக சுகாதார அமைப்பின் வரம்பு 5 கிராமுக்கும் குறைவு. 8 கிராமில் 15 விழுக்காட்டைக் கழித்தால் 6.8 கிராம் உப்புக்குரிய சோடியம் உடலில் சேரும், அதாவது வரம்புக்கு மேலேதான் நிற்கிறோம். ஆகவே உப்பை மாற்றுவதோடு அளவையும் குறைக்க வேண்டும். 100 கிராம் சாதாரண உப்பில் ஏறத்தாழ 39 கிராம் சோடியம் இருக்கிறது; உறையின் பின்பக்க அட்டவணையை அந்த எண்ணோடு ஒப்பிட்டால் நாம் வாங்குவது எவ்வளவு குறைந்தது என்பது விளங்கிவிடும். அயோடின் சேர்க்கப்பட்டதா என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

சுவையைப் பொறுத்தவரை, சாம்பாரிலும் புளிக்குழம்பிலும் வேறுபாடு தெரியவில்லை. புளியும் காரமும் பொட்டாசியத்தின் மெல்லிய கசப்பை மறைத்துவிடுகின்றன. இட்லி மாவு வழக்கம்போல் புளித்துப் பொங்கியது. மோரிலும் தெளிவான ரசத்திலும் மட்டும் நாக்கின் ஓரத்தில் ஒரு கசப்பு தங்குகிறது. கறிவேப்பிலையும் சீரகமும் சற்றுக் கூட்டினால் அது அடங்குகிறது. கசப்பை மறைக்க உப்பைக் கூட்டிப் போடுவது வாங்கிய நோக்கத்தையே கெடுத்துவிடும். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு ஆகியவற்றை வழக்கம்போல் தொட்டுக்கொண்டே இருந்தால் எந்த உப்பை மாற்றியும் பயனில்லை.

இனி, மிக முக்கியமான எச்சரிக்கை. சிறுநீரகம் பழுதுபட்டவர்களின் உடல் பொட்டாசியத்தை முழுமையாக வெளியேற்றாது. அது இரத்தத்தில் மிகுந்தால் இதயத் துடிப்பே தடம்புரளக்கூடும். இரத்தக் கொதிப்புக்கு நம்மூரில் பரவலாக எழுதித்தரப்படும் டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான், ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற மாத்திரைகளும், ஸ்பைரோனோலாக்டோனும் பொட்டாசியத்தை உடலில் தங்கவைக்கும் இயல்புடையவை. இந்த உப்பு யாருக்காக விற்கப்படுகிறதோ அவர்களில் பலர் இம்மாத்திரைகளை உண்பவர்கள் என்பதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், பொட்டாசியம் ஆகிய இரண்டையும் இரத்தப் பரிசோதனையில் பார்த்து மருத்துவரின் ஒப்புதல் பெற்ற பிறகே ஜாடியை மாற்ற வேண்டும். உலக சுகாதார அமைப்பு 2025 ஜனவரியில் இவ்வகை உப்பைப் பரிந்துரைத்தபோதும் கர்ப்பிணிகள், குழந்தைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோரை அப்பரிந்துரையில் சேர்க்கவில்லை. நான் வாங்கிய உறையில் இந்த எச்சரிக்கை கண்ணுக்கு எட்டாத பொடி எழுத்தில் இருந்தது. முதியவர்கள் படிக்க வேண்டிய செய்தியை இப்படி அச்சிடுவது பொறுப்பற்ற செயல்.

அதே அடுக்கில் இந்துப்பையும் இரத்தக் கொதிப்புக்கு நல்லது என்று சொல்லி விற்கிறார்கள். நிறம் மாறினாலும் அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான் என்பதால், அழுத்தத்தைக் குறைக்கும் எண்ணத்தில் அதற்குக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

விலைதான் மிச்சமிருக்கும் தடை. தனியார் நிறுவனங்களின் குறைந்த சோடியம் உப்பு சாதாரண உப்பைவிடக் கணிசமாகக் கூடுதல் விலைக்கு விற்கிறது. தமிழ்நாடு உப்பு நிறுவனம் 2014-இல் ‘அம்மா உப்பு’ என்ற பெயரில் அறிமுகப்படுத்திய மூன்று வகைகளில் குறைந்த சோடியம் உப்பும் ஒன்று. அன்று அதன் விலை கிலோ 21 ரூபாய், சாதாரண அயோடின் உப்பு 10 ரூபாய். அத்தகைய உப்பைத் தெளிவான எச்சரிக்கையோடு எல்லா நியாயவிலைக் கடைகளிலும் தடையின்றிக் கிடைக்கச் செய்தால், தனியார் விலை கொடுக்க இயலாத குடும்பங்களும் தங்கள் ஜாடியை மாற்றிக்கொள்ள முடியும்.