ஹீத்ரோ ஐந்தாம் முனையமும் பெர்லின் விமான நிலையமும்: ஒரே பொறுப்பு, இருவேறு மேலாண்மை

இவ்விரு திட்டங்களிலும் உரிமையாளரே பெரும் பொறுப்பை ஏற்றார்; ஆனால் ஏற்ற விதம் வேறு.

லண்டனில், ஹீத்ரோ விமான நிலையத்தின் அன்றைய உரிமையாளரான பி.ஏ.ஏ. நிறுவனம் இடர்ப்பாட்டைத் தானே சுமப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதி, ஒப்பந்ததாரர்களை ஒரே அணியாக இயங்கச் செய்ததால், பிழையை மறைப்பதில் எவருக்கும் பெரிய ஆதாயம் இருக்கவில்லை. சுமார் 430 கோடி பவுண்டு செலவிலான முனையம், குறித்த நாளான 2008 மார்ச் 27 அன்று பயணிகளுக்குத் திறக்கப்பட்டது.

பெர்லினிலோ, ஒட்டுமொத்த ஒப்பந்தத்துக்கு வந்த விலைப்புள்ளிகள் மிக அதிகம் எனக் கருதிய விமான நிலைய நிறுவனம், பணியைப் பல பகுதிகளாகப் பிரித்துத் தானே ஒருங்கிணைக்க முற்பட்டது. அதன் மேற்பார்வைக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் நகர மேயர் கிளாவுஸ் வோவெரைட். கட்டுமானம் நடக்கும்போதே வடிவமைப்பு மாறிக்கொண்டிருந்தது. தீ விபத்தில் புகையை வெளியேற்றும் அமைப்போ இயங்கவில்லை. 2012 ஜூன் 3 என அறிவித்திருந்த திறப்புவிழா, நான்கு வாரம்கூட இல்லாத நிலையில் ரத்தானது. அதன்பின் வடிவமைப்பாளர்களையே நீக்கியதைத்தான் ஆகப் பெரிய தவறு என்பேன். கட்டடத்தை முழுமையாக அறிந்தவர்கள் அவர்களுடனேயே வெளியேறினர். விமான நிலையம் திறந்தது 2020 அக்டோபர் 31 அன்று.

ஹீத்ரோவும் குறையற்றதல்ல. ஊழியர்களுக்குப் போதிய பயிற்சி அளிக்காததால், முதல் நாளிலேயே பயணப்பெட்டிகள் தேங்கி, விமானங்கள் ரத்தாயின.