சக்கரக் குடிலுக்கு அடிச்சட்டம் செய்யக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மினசோட்டாவில் அடுத்த குளிர்காலத்துக்குள் சொந்தமாக மீன்பிடிக் குடில் கட்ட நினைக்கும் நண்பர்கள் சிலர் இப்போதே அடிச்சட்டம் செய்து தர ஆள் தேடிக்கொண்டிருப்பீர்கள். சென்ற ஆண்டு அதே வேலையில் நான் 3,800 டாலரையும் ஒரு முழுப் பருவத்தையும் இழந்தேன். வழக்கு நடந்துகொண்டிருப்பதால் செய்து கொடுத்தவரின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அவர் கையாண்ட முறை அவர் ஒருவருக்கே உரியது என்று எனக்குத் தோன்றாததால், அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

இந்தக் குடிலைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு விளக்கம். இங்கே இதை வீல்ஹவுஸ் என்பார்கள். சாலையில் டிரெய்லராக இழுத்துச் செல்லலாம். உறைந்த ஏரியின் மேல் கொண்டுபோய் நிறுத்தியதும், கம்பியைச் சுற்றியிழுக்கும் வின்ச்சைச் சுழற்றிச் சக்கரங்களை மேலே ஏற்றிவிட்டால் தரை முழுவதும் பனிக்கட்டியின் மீது படிந்துவிடும். தரையிலுள்ள வட்டத் துளைகளின் வழியே பனியைத் துளைத்து, உள்ளே கதகதப்பாக உட்கார்ந்தபடி தூண்டில் போடலாம். தரை கீழே இறங்க வேண்டுமென்பதால், மற்ற டிரெய்லர்களில் இருப்பதுபோல இரு சக்கரங்களையும் இணைக்கும் நீண்ட அச்சு இதில் இருக்க முடியாது. ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக, மடங்கி எழும் ஓர் இரும்புக் கையின் நுனியில் பற்றவைத்த குட்டை அச்சில் சுழல்கிறது. ஆகவே குடிலின் எடையில் பெரும்பகுதியை அந்த இரண்டு குட்டை அச்சுகளும், கைகள் மடங்கும் இடத்துக் குழாய்களும், அவற்றைப் பிடித்திருக்கும் நாலைந்து அங்குல வெல்டிங்கும்தான் தாங்குகின்றன. நான் ஏமாந்தது சரியாக அந்த இடத்தில்தான்.

ஆயத்தக் குடில்களின் விலை கார் விலைக்கு நிகராக இருப்பதால், அடிச்சட்டத்தை மட்டும் வெளியே செய்து வாங்கி, மேலே மரவீட்டைத் தாங்களே கட்டிக்கொள்பவர்கள் இங்கே நிறையப் பேர். எனக்குத் தச்சு வேலை ஓரளவு வரும், வெல்டிங் வராது. செயின்ட் கிளவுட்டுக்கு வடக்கே ஒரு மணி நேரத் தொலைவில் இருந்த ஒரு பட்டறைக்காரரின் விளம்பரத்தைப் பார்த்துப் போனேன். ஆறரை அடி அகலம், 14 அடி நீளம், 2 அங்குலத்துக்கு 4 அங்குலச் செவ்வகக் குழாய், குழாயின் சுவர்த் தடிமன் 3/16 அங்குலம், 3,500 பவுண்டு டிரெய்லருக்குரிய ஒரு ஜோடி அச்சு, தானே பிடித்து நிற்கும் பிரேக் வின்ச் என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். இரும்பு விலை அடுத்த வாரம் ஏறப்போகிறது என்று சொல்லி 2,500 டாலர் முன்பணம் வாங்கினார். இரும்பு வாங்கிய ரசீதைக் கேட்டபோது, மொத்தமாக வாங்குவதால் தனி ரசீது கிடையாது என்றார். அந்தப் பேச்சை நான் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

செப்டம்பர் கடைசியில் அடிச்சட்டம் வந்தது. ரெட் ஆக்சைடு அடித்து, அதன்மேல் பளீரென்ற சிவப்புப் பெயின்ட். இணைப்புகள் எல்லாம் கை வைத்தால் வழுக்கும் அளவுக்கு வழவழப்பாக இருந்தன. குழாய் முனைகள் அத்தனையும் தகடு வைத்து மூடப்பட்டிருந்தன. நான் அதை நேர்த்தி என்று எடுத்துக்கொண்டு மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டேன். நல்ல வெல்டிங்கைக் கிரைண்டர் வைத்துத் தேய்த்து மட்டமாக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இருப்பதில்லை என்பதும், தேய்த்த இடத்தில் பட்டி பூசிப் பெயின்ட் அடித்தால் உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது என்பதும், முனையை மூடிவிட்டால் சுவர்த் தடிமனை அளக்க வழியில்லை என்பதும் பின்னால்தான் எனக்கு உறைத்தன.

அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் வார இறுதிகளில் ப்ளைவுட் தரையும் சுவரும் கூரையும் எழுந்தன. அடிப்பகுதிக்கு நுரைக் காப்பு அடித்து முடித்தோம். அது குளிரை நன்றாகத் தடுக்கும். கூடவே இரும்பையும் முழுவதுமாக மறைத்துவிடும்.

முதல் சந்தேகம் மின்கம்பிக்குத் துளையிட்டபோது வந்தது. கால் அங்குலத் துளைமுனை நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாக உள்ளே விழுந்தது. துளையின் விளிம்பைக் காலிப்பரால் பிடித்துப் பார்த்தால் 0.12 அங்குலம், அதாவது 3 மில்லிமீட்டர். ஒப்பந்தப்படி அது ஏறக்குறைய 4.8 மில்லிமீட்டர் இருந்திருக்க வேண்டும். தொலைபேசியில் கேட்டேன். குறுக்குச் சட்டங்களுக்கு மெல்லிய குழாய் போடுவதுதான் வழக்கம் என்றும், சுற்றுச் சட்டம் சொன்னபடியே இருக்கிறது என்றும் பதில் வந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறை முடிவதற்குள் ஏரியில் இறங்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில் நான் அதை நம்பினேன். உண்மையைச் சொன்னால், நம்ப விரும்பினேன்.

காலிப்பரே இல்லாமலும் இதைக் கண்டுபிடித்திருக்கலாம். சொன்ன தடிமனுள்ள 2க்கு 4 குழாய் ஓர் அடிக்கு ஏறத்தாழ 6.9 பவுண்டு இருக்கும். எனக்கு வந்த குழாய் 4.7 பவுண்டுகூட இருக்காது. என் சட்டத்தில் மொத்தம் 90 அடிக் குழாய். கிட்டத்தட்ட 200 பவுண்டு குறைவு. நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தங்களில் உள்ள எடைமேடையில் சிறு கட்டணத்துக்கு நிறுத்திப் பார்த்திருந்தால், மரம் ஏற்றுவதற்கு முன்பே உண்மை தெரிந்திருக்கும்.

ஜனவரி இரண்டாம் வாரம் மில் லாக்ஸ் ஏரிக்குப் போனோம். பனிக்கட்டி 22 அங்குலம். பளுவான டிரக்கோடு சக்கரக் குடிலை இழுத்துப் போக 20 அங்குலத்துக்கு மேல் வேண்டுமென்பது மாநில இயற்கைவளத் துறையின் அறிவுரை என்பதால், அந்த அளவை உறுதிசெய்த பிறகே இறங்கினோம். அன்று இரவு இரண்டு வால்ஐ மீன் கிடைத்தது. குளிர் ஏற ஏறப் பனிக்கட்டி விரிசல் விட்டு வெடியோசை எழுப்பிக்கொண்டே இருந்தது. தடித்த பனிக்கும் அது இயல்பு என்று தெரிந்திருந்ததால் பயமில்லை.

காலையில் மைனஸ் 24 டிகிரி. இரவில் துளைகளின் வழியே பொங்கிய நீர் வலப்பக்கச் சட்டத்தைச் சுற்றி உறைந்து போயிருந்தது. சட்டத்தின் அடியில் மரக்கட்டை கொடுத்து நிறுத்தியிருக்க வேண்டும். இடப்பக்கம் கொடுத்தேன், வலப்பக்கம் மறந்துவிட்டேன். வின்ச்சைச் சுழற்றத் தொடங்கியதும் ஒரு வெடிச்சத்தம் கேட்டது. ஏரியின் சத்தம் என்று நினைத்து இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினேன். அடுத்த சத்தத்தில் குடில் ஒருபக்கம் சாய, வின்ச்சின் கைப்பிடி என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு எதிர்த்திசையில் சுழன்று மணிக்கட்டில் அடித்தது. பிரேக் வின்ச்சாக இருந்தால் விட்ட இடத்திலேயே நின்றிருக்கும். எனக்குப் பொருத்தியிருந்தது சாதாரணப் பல்சக்கர வின்ச்.

குனிந்து பார்த்தேன். வலப்பக்கக் கை மடங்கும் குழாயிலிருந்து வெல்டிங் ஒரே பட்டையாக, ஒட்டிய ஸ்டிக்கரை உரித்ததுபோலக் கழன்று தொங்கியது. உடைந்த இரும்பில் தெரியும் சொரசொரப்பு அங்கே இல்லை. அடியிலிருந்த குழாயின் முகம், உருகிய அடையாளமே இல்லாமல், ஆலையிலிருந்து வந்தபடியே இருந்தது. இரும்பு இரும்போடு கலக்காமல், மேலே மெழுகு வார்த்ததுபோல வழிய விட்டிருந்தார்கள். பக்கத்துக் குடிலிலிருந்து வந்த முதியவர் ஒருவர் ஜாக்கியும் சங்கிலியும் இரண்டு பலகையும் வைத்துக் குடிலைக் கரை வரை சறுக்கி இழுக்க உதவினார். அது பிப்ரவரி இறுதியில் நடந்திருந்தால் இன்னும் பதற்றமாகியிருக்கும். மில் லாக்ஸ் இருக்கும் தென்பகுதியில் மார்ச் முதல் திங்கட்கிழமைக்குள் குடில்களை ஏரியிலிருந்து அகற்றியாக வேண்டும், இல்லையென்றால் அபராதமும் பறிமுதலும் வரும்.

வாகனப் பணிமனையில் வேலை செய்யும் நண்பர் ஒருவரிடம் குடிலைக் கொண்டுபோனேன். சக்கரங்களைக் கழற்றிக் கிரீஸைத் துடைத்தவர் நிமிர்ந்து, "அண்ணே, உள் பேரிங்கும் வெளி பேரிங்கும் ஒரே அளவா இருக்கே?" என்றார். எனக்குப் புரியவில்லை. 3,500 பவுண்டு டிரெய்லருக்குரிய அச்சு உள்ளிருந்து வெளியே போகப் போகச் சிறுக்கும். அதனால் உள் பேரிங் பெரியதாகவும் வெளி பேரிங் சிறியதாகவும், எல்68149, எல்44649 என்று இரண்டு வெவ்வேறு எண்களோடு இருப்பதுதான் வழக்கம் என்று விளக்கினார். என்னுடையதில் இரண்டிலுமே எல்44643 என்று பொறித்திருந்தது. அது ஓர் அங்குல நேரான அச்சுக்கு உரியது. அப்படிப்பட்ட ஒரு ஜோடியை 2,000 பவுண்டு டிரெய்லருக்குப் போடுவார்கள். என் குடில் வெறுமையாகவே 2,700 பவுண்டு. அதன்மேல் அடுப்பு, எரிவாயு உருளை, பேட்டரி, கட்டில், இரண்டு ஆளின் சாமான்கள் என்று ஏற்றிக்கொண்டு, மனைவியும் மகனும் பின்னிருக்கையில் இருக்க, நெடுஞ்சாலையில் 60 மைல் வேகத்தில் இழுத்துப் போயிருக்கிறேன்.

படங்களை அனுப்பியபோது பட்டறைக்காரர் முதலில், பனியில் உறைய விட்டது பயன்படுத்தியவரின் தவறு என்றார். கட்டை கொடுக்க மறந்தது என் தவறுதான். அதை நீதிமன்றத்திலும் ஒப்புக்கொள்வேன். ஆனால் ஒழுங்காகப் பற்றவைத்த இடமாக இருந்தால் கை வளைந்திருக்கலாம், கம்பி அறுந்திருக்கலாம். வெல்டிங் உரிந்து வந்திருக்காது. அச்சைப் பற்றிக் கேட்டதற்கு, ஒன்றுக்கு 2,000 வீதம் இரண்டுக்கு 4,000 பவுண்டு, நீங்கள் கேட்டதைவிட அதிகமாகவே கொடுத்திருக்கிறேன் என்றார். அந்த எண் ஜோடிக்குரியது என்பது அவருக்குத் தெரியாதென்று நான் நினைக்கவில்லை. அதன் பிறகு அழைப்புகளை அவர் எடுப்பதில்லை. வழக்கறிஞர் இல்லாமலே வாதாட முடிகிற கன்சிலியேஷன் கோர்ட்டில் மனு கொடுத்திருக்கிறேன். கையெழுத்திட்ட அந்தத் தாள், துளையிட்ட இடத்தின் படம், கழற்றிய பேரிங்குகள் ஆகிய மூன்றும்தான் என்னிடமுள்ள சான்றுகள். தாள் இல்லாமல் வாய்ப்பேச்சாக முடித்திருந்தால் மற்ற இரண்டையும் வைத்து எதையும் நிறுவ முடியாது.

சக்கரங்களின் இரு இரும்புக் கைகளையும் வெட்டியெடுத்து, புது அச்சுகளோடு பற்றவைக்க வேறொரு பட்டறையில் 1,900 டாலர் ஆனது. மெல்லிய குழாய்க்கு ஒன்றும் செய்ய வழியில்லை. நுரையைச் சுரண்டினால் தரையே போய்விடும். இந்த முறை பெயின்ட் அடிப்பதற்கு முன்பே போய்ப் பார்த்தேன், வெட்டாத இரும்பின் முனையை அளந்தேன், பேரிங் எண்ணைப் படம் எடுத்தேன், மூன்றில் ஒரு பங்குப் பணத்தைப் பிடித்து வைத்து, குடிலில் மணல் மூட்டை ஏற்றி 50 மைல் இழுத்து, சக்கரங்களைப் பத்து முறை ஏற்றி இறக்கிய பிறகுதான் அதைக் கொடுத்தேன். அந்தப் பட்டறைக்காரர் முகம் சுளிக்கவில்லை. முதலாமவரிடம் இவற்றில் ஒன்றைக் கேட்டிருந்தால்கூட அவர் வேலையை எடுத்துக்கொண்டிருக்க மாட்டார் என்று இப்போது நினைக்கிறேன்.

அவருடைய விளம்பரம் இந்த வாரம் மறுபடியும் வந்திருக்கிறது. வழவழப்பான இணைப்புகளோடு, முனைகள் மூடிய சிவப்பு அடிச்சட்டம் ஒன்றின் படம் அதில் இருக்கிறது. அது என்னுடையது.