மூஸ் வேட்டைக்கு எங்கே போவது: அலாஸ்கா, யூகான், பிரிட்டிஷ் கொலம்பியா, நியூஃபவுண்ட்லாந்து

மான் இனத்திலேயே மிகப் பெரியதான மூஸை, கைடு வைத்து வேட்டையாடப் போக நினைப்பவர்கள் முதலில் கேட்பது கொம்பு எத்தனை அங்குலம் கிடைக்கும், எவ்வளவு செலவாகும் என்பதைத்தான். கேட்க வேண்டியதுதான். ஆனால் அமெரிக்காவின் அலாஸ்கா, கனடாவின் யூகான், பிரிட்டிஷ் கொலம்பியா, நியூஃபவுண்ட்லாந்து என்ற இந்த நான்கு இடங்களையும் நான் வேறொரு கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன்: சுட்ட பிறகு அந்தக் கறியை யார், எப்படி, எவ்வளவு சீக்கிரம் காட்டிலிருந்து வெளியே கொண்டுவரப் போகிறார்கள்? அலாஸ்காவில் நல்ல காளை (ஆண் மூஸ்) ஒன்று 1,600 பவுண்டு, அதாவது 700 கிலோவுக்கு மேல் நிற்கும். அதில் சாப்பிடக்கூடிய கறி மட்டும் 225 கிலோ அளவுக்கு வரும். எலும்போடு ஒரு பின்தொடையைத் தூக்கி முதுகில் கட்டிக்கொண்டால் 50 கிலோ, சாலை கிடையாது, காலடியில் முழங்கால் வரை புதைகிற சதுப்பு, சுற்றிலும் ஆளுயர வில்லோ புதர். இதற்கு ஒழுங்கான பதில் வைத்திருக்கும் அவுட்ஃபிட்டர், அதாவது வேட்டைப் பயணத்தை ஏற்பாடு செய்து நடத்துகிறவர், மற்ற விஷயங்களிலும் ஒழுங்காக இருப்பார் என்று நான் நம்புகிறேன். பதில் இல்லாதவரிடம் எவ்வளவு பெரிய கொம்புப் படம் இருந்தாலும் முன்பணம் கட்ட மாட்டேன்.

அலாஸ்காவில் தொடங்கலாம், குழப்பம் அதிகம் அங்கேதான். அமெரிக்கக் குடிமகன் என்றால், வேறு மாநிலத்துக்காரராக இருந்தாலும், மூஸுக்குக் கைடு கட்டாயம் இல்லை. பழுப்புக் கரடி, டால் செம்மறி, மலை ஆடு இவற்றுக்குத்தான் கட்டாயம். அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவர் என்றால் எந்தப் பெரிய விலங்குக்கும் உரிமம் பெற்ற கைடு வேண்டும், கனடா பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கும் இதே சட்டம்தான். கைடு கட்டாயமில்லாதவர்களுக்காக அங்கே இன்னொரு தொழில் நடக்கிறது, டிரான்ஸ்போர்ட்டர் என்பார்கள். சின்ன விமானத்தில் கொண்டுபோய் ஆற்று மணல்திட்டிலோ ஏரிக்கரையிலோ இறக்கிவிட்டு, சொன்ன தேதியில் வந்து கூட்டிப்போவார். அவ்வளவுதான் அவர் வேலை. மிருகத்தைக் கூப்பிடுவது, தேடிக்காட்டுவது, வெட்டிக் கொடுப்பது எதையும் அவர் செய்யக்கூடாது. விலை முழு கைடு வேட்டையில் ஒரு பங்குதான் வரும் என்பதால் பலரும் இதில் இறங்குகிறார்கள். முன்பு ஒரு மூஸையாவது உரித்து, கூறுபோட்டு, சுமந்து பழகாத இரண்டு பேர் இப்படிப் போய் இறங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். செப்டம்பரில் ஒரு பகல் 15 டிகிரிக்கு ஏறினால் போதும், கறி கண்ணெதிரே கெட்டுப்போகும், மழையிலும் மூடுபனியிலும் விமானம் வருமா என்பது யாருக்கும் தெரியாது.

அலாஸ்காவில் கைடுக்குக் கொடுக்கிற பணம் எதற்கு என்பது இரண்டு இடத்தில் தெரியும். ஒன்று, கொம்பை அளக்கும் கண். வெளியூர்க்காரர்களுக்குப் பெரும்பாலான பகுதிகளில் குறைந்தது 50 அங்குல அகலம் இருக்க வேண்டும், அல்லது நெற்றிப் பக்கத்து முனைகள் ஒரு பக்கத்திலாவது மூன்றோ நான்கோ (பகுதிக்குப் பகுதி மாறும்) இருக்க வேண்டும். அரை கிலோமீட்டருக்கு அப்பால், பாதி உடம்பு புதரில் மறைந்து, தலையை ஆட்டிக்கொண்டே நிற்கிற காளை 48 அங்குலமா 51 அங்குலமா என்று சொல்ல பல வருடப் பழக்கம் வேண்டும். தப்பாகச் சொன்னால் அது குற்றம். இரண்டு, கூப்பிடும் வித்தை. நல்ல கைடு கையில் காய்ந்த மூஸ் தோள்பட்டை எலும்பு ஒன்று இருக்கும். அதை வில்லோ புதரில் இழுத்து இழுத்துத் தேய்ப்பார், கிளை ஒடிப்பார், நிறுத்துவார், நெடுநேரம் ஒன்றும் செய்ய மாட்டார். இன்னொரு காளை கொம்பைத் தேய்ப்பது போலவே கேட்கும். கீழே எங்கோ நிற்கிற காளையின் தொண்டையிலிருந்து 'ஊப்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் பொறுத்து இன்னும் பக்கத்தில் இன்னொன்று. அந்த இடைவெளியில் அசையாமல் இருக்கத் தெரிந்த கைடும், தானே படபடத்து இன்னும் இரண்டு தடவை தேய்க்கிற கைடும் ஒன்றல்ல.

கறி விஷயத்தில் அலாஸ்கா சட்டத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன். சாப்பிடக்கூடிய கறி முழுவதையும் எடுத்தே ஆக வேண்டும், பல பகுதிகளில் தொடையும் விலாவும் எலும்போடு வெளியே வர வேண்டும், கறி எல்லாம் வந்த பிறகுதான், அல்லது கடைசிச் சுமையோடுதான், கொம்பு வரலாம். விமானத்தில் பறந்த அன்றைக்கே சுடவும் கூடாது, மறுநாள் அதிகாலை 3 மணி வரை பொறுக்க வேண்டும். நல்ல சட்டங்கள்.

ஆனால் அலாஸ்காவில் ஒரு பெரிய பலவீனம் உண்டு, பலரும் இதைக் கவனிப்பதில்லை. கைடுகளுக்குத் தனித்தனிப் பகுதி ஒதுக்கும் முறையை மாநில உச்ச நீதிமன்றம் 1988-ல் ஓசிசெக் வழக்கில் ரத்து செய்தது, காட்டுவிலங்கு எல்லாருக்கும் பொதுச்சொத்து என்ற அரசியலமைப்பு விதியைக் காட்டி. அதனால் மாநில நிலத்தில் ஒரே பள்ளத்தாக்கில் இரண்டு மூன்று கைடுகள், கூடவே டிரான்ஸ்போர்ட்டர் இறக்கிவிட்டவர்கள் என்று நெருக்கடி வரலாம். மத்திய அரசின் வனவிலங்குக் காப்பகங்களில் அப்படி இல்லை, அங்கே போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்த கைடுக்குத்தான் அனுமதி. ஆகவே அலாஸ்கா கைடிடம் முதலில் கேளுங்கள்: நீங்கள் வேட்டையாடுவது மாநில நிலமா, மத்தியக் காப்பகமா? பதிலைப் பொறுத்து அதே விலைக்குக் கிடைக்கிற வேட்டையே மாறிவிடும்.

யூகான் ஜெயிப்பது சரியாக இந்த இடத்தில்தான். அங்கே சுமார் 20 வேட்டைப் பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே அவுட்ஃபிட்டர். வெளிநாட்டவர் அவர் வழியாகத்தான் போக முடியும். மொத்தப் பிரதேசத்திலும் மனிதர்கள் 45,000 பேர் அளவுக்குத்தான், மூஸ் ஏறக்குறைய 70,000. தன் பகுதியில் இந்த வருடம் அதிகமாகச் சுட்டால் அடுத்த வருடம் தானே பட்டினி என்று தெரிந்த ஆள் இளம் காளைகளை விட்டுவைப்பார், ஒரு பள்ளத்தாக்கை இரண்டு மூன்று வருடம் தொடாமல் போடுவார். வயதான, கனமான கொம்புள்ள காளைகள் அங்கே நிற்பதற்குக் காரணம் இதுதான். அலாஸ்காவின் அதே பெரிய இனம், கொம்பு அளவுச் சாதனைகளைக் குறித்துவைக்கும் பூன் அண்ட் க்ராக்கெட் பதிவேட்டில்கூட இரண்டையும் ஒரே பிரிவில்தான் சேர்க்கிறார்கள். சீசனும் நீளம், ஆகஸ்ட் தொடக்கத்திலிருந்து அக்டோபர் இறுதிவரை. குதிரையில், ஜெட் படகில், மிதவை விமானத்தில் என்று அவுட்ஃபிட்டருக்கு அவுட்ஃபிட்டர் முறை மாறும். ஆற்று வழியாகப் போகிற கேம்ப்பில் கறியை நேராகப் படகில் ஏற்றலாம், மலைமேல் குதிரை கேம்ப் என்றால் எத்தனை சுமைக்குதிரை, கிளம்பும் இடத்துக்கு எத்தனை நாள் என்று கேளுங்கள். விலை? மற்ற மூன்றையும்விட அதிகம், அல்லது அலாஸ்காவின் உயர்தர வேட்டைக்குச் சமம். 25,000 அமெரிக்க டாலருக்குக் கீழே இப்போது நல்லது கிடைப்பது அபூர்வம், 35,000-ஐத் தாண்டுவதும் உண்டு, விமானக் கட்டணம், உரிமம், டிப்ஸ் எல்லாம் தனி. கனடாவில் வசிக்கும் நம்மவர்களுக்கு மட்டும் ஒரு சேதி: யூகானில் நெருங்கிய நண்பரோ உறவினரோ இருந்தால், அவர் சிறப்புக் கைடு உரிமம் வாங்கி, காசு வாங்காமல் உங்களைக் கூட்டிப்போகச் சட்டம் இடம் தருகிறது.

வடக்கு பிரிட்டிஷ் கொலம்பியா இந்த இரண்டுக்கும் கீழே ஒரு படி, செலவிலும் கொம்பிலும். அங்கேயும் ஒரு கைடுக்கு ஒரு பகுதிதான், அதோடு அரசு ஒதுக்கும் எண்ணிக்கை வரம்பும் உண்டு. 40, 45 அங்குலக் காளையோடு மனம் நிறைகிறவருக்கு, குதிரையில் மலைக்காடு சுற்ற ஆசைப்படுகிறவருக்கு அருமையான இடம். ஆனால் வடகிழக்குப் பக்கம் முன்பதிவு செய்யுமுன் ஒன்றைக் கவனியுங்கள். புளூபெரி ரிவர் பூர்வகுடியினர் தொடுத்த வழக்கில், தொழில்வளர்ச்சி என்ற பெயரில் ஒப்பந்த உரிமைகளை மாகாணம் மீறிவிட்டது என்று 2021-ல் தீர்ப்பு வந்தது, அதைத் தொடர்ந்து 2022-ல் அந்தப் பகுதியில் மூஸ் வேட்டையைக் கணிசமாகக் குறைத்தார்கள். அந்த நிலமும் மூஸும் முதலில் அவர்களுக்குச் சோறு, அதனால் குறைத்தது சரி என்றே நினைக்கிறேன். உங்களுக்கான பாடம், ஒதுக்கீடு குறைந்தால் முன்பணம் என்னாகும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது.

இனி நியூஃபவுண்ட்லாந்து. கொம்புக்காரர்கள் இதை மதிப்பதே இல்லை, எனக்கு அது வருத்தம். இங்கே மூஸ் பூர்வீக விலங்கே கிடையாது. 1878-ல் ஒரு ஜோடியையும் 1904-ல் நான்கையும் கொண்டுவந்து விட்டார்கள், தீவில் ஓநாய் அழிந்துபோனது, இன்று ஒரு லட்சத்துக்கு மேல் திரிகின்றன. இளம் ஃபிர் மரக்கன்றுகளை முளைத்த வேகத்தில் தின்று காடே மீளமுடியாமல் போனதால், 2011 முதல் குரோஸ் மோர்ன், டெரா நோவா தேசியப் பூங்காக்களுக்குள்ளேயே உள்ளூர்க்காரர்களைச் சுட அனுமதித்தார்கள். ஆக, இங்கே ஒரு மூஸை எடுப்பது அந்தக் காட்டுக்கு நல்லது. வெளியூர்க்காரர் என்றால் டொரோண்டோவிலிருந்து போனாலும் உரிமம் பெற்ற அவுட்ஃபிட்டர் வேண்டும், ஆனால் விலை 6,000 முதல் 9,000 அமெரிக்க டாலருக்குள் முடிந்துவிடும். கிரிஸ்லி கரடி பயமில்லை, 50 அங்குலக் கணக்கில்லை. இனம் சின்னது, கொம்பு 30, 40 அங்குலத்துக்குள்தான் பெரும்பாலும். வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் குறைவு. சாலை போகிற கேம்ப் என்றால் உங்கள் டிரக்கிலேயே ஃப்ரீசர் வைத்து, போர்ட் ஓ பாஸ்க்கிலிருந்து நார்த் சிட்னிக்குக் கப்பலில் ஏற்றி, கறி முழுவதையும் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். யூகானிலிருந்தோ மேற்கு அலாஸ்காவிலிருந்தோ விமானத்தில் 200 கிலோ கறியை அனுப்புகிற செலவைக் கேட்டால் தலை சுற்றும், அங்கே பெரும்பாலோர் கொஞ்சம் வைத்துக்கொண்டு மீதியைப் பக்கத்துக் கிராமத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அது நல்ல காரியம்தான், அலாஸ்காவில் அதற்கென்று ஒரு படிவம் நிரப்பி உடைமை மாற்ற வேண்டும், மறக்காதீர்கள்.

தேதி பற்றி ஒரு வார்த்தை, நாலு இடத்துக்கும் பொது. செப்டம்பர் கடைசி வாரமும் அக்டோபர் முதல் வாரமும் இணைசேரும் காலம், காளை கூப்பிட்டால் வரும், வேட்டைக்கு அதைவிடச் சிறந்த நேரம் இல்லை. ஆனால் அப்போது காளை சாப்பாட்டையே மறந்து, தன் மூத்திரக் குழியில் புரண்டு திரியும், பெரிய காளையின் கறியில் அந்த வாடை ஏறிவிடும். கறிதான் முக்கியம் என்றால் செப்டம்பர் முதல் பாதியில் போங்கள், அல்லது நியூஃபவுண்ட்லாந்தில் குளிர் இறங்கிய பிறகு.

முதல் மூஸ் என்றால், கையில் எவ்வளவு பணம் இருந்தாலும், நியூஃபவுண்ட்லாந்துக்கே போகச் சொல்வேன். உரிப்பதையும் சுமப்பதையும் அங்கே கற்றுக்கொள்ளலாம். வாழ்நாளில் ஒரே ஒரு பெரிய காளை, பணம் பரவாயில்லை என்றால் யூகான். அலாஸ்காவை, மத்தியக் காப்பகத்தில் அனுமதி உள்ள கைடு கிடைத்தால் மட்டும் அதற்குச் சமமாக வைப்பேன். எங்கே போனாலும் காயம்பட்ட மிருகம் பற்றிய விதியை எழுத்தில் கேளுங்கள். ரத்தம் விழுந்தால் உங்கள் வேட்டை முடிந்தது என்று பல அவுட்ஃபிட்டர்கள் ஒப்பந்தத்திலேயே போடுகிறார்கள், அதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள், அப்படி எழுதுகிறவர்தான் அந்தக் காயம்பட்ட மூஸைத் தேட ஒரு முழு நாளைச் செலவழிப்பார்.