ஸ்டார் ஃபெர்ரி: ஐந்து டாலருக்கு ஹாங்காங்

ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வரும் பையன்கள், "காக்கா (அண்ணா), இங்கே முதலில் எதைப் பார்க்கணும்?" என்று கேட்பார்கள். விக்டோரியா சிகரம், டிஸ்னிலேண்ட் என்று பட்டியலும் அவர்களிடமே இருக்கும். நான் சொல்வது ஸ்டார் ஃபெர்ரி, துறைமுகத்தின் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஓடும் பயணிகள் படகு. கௌலூன் கரையில் இருக்கும் சிம் ஷா சூய் துறையில் ஏறினால் பத்து நிமிடத்துக்குள் எதிரே ஹாங்காங் தீவின் வணிகப் பகுதியான சென்ட்ரல். 2023இல் கட்டணம் ஏற்றியபோது வார நாளில் மேல் தளம் 5 ஹாங்காங் டாலர், கீழ்த் தளம் 4 டாலர் என்றானது. ரயிலில் போனால் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

பச்சையும் வெள்ளையும் பூசிய படகு. இரண்டு முனையும் ஒரே மாதிரி, அக்கரை போனதும் திரும்பாமல் அப்படியே இக்கரைக்கு வரும். அதனால் மர இருக்கையின் சாய்மானத்தைப் போகும் திசைக்குத் தக்கபடி நாமே தள்ளிப் போட்டுக்கொள்ளலாம். பழகியவர்கள் உட்காருவதற்கு முன்பே ஒரு கையால் 'டக்' என்று தட்டித் திருப்புவார்கள். புதியவர்கள் பின்பக்கம் பார்த்தபடியே போய்ச் சேருவார்கள். கடலோடிச் சீருடை போட்ட ஊழியர் நீளக் கொக்கியால் கயிற்றைப் பிடித்து இழுத்துக் கட்டுவதைப் பக்கத்தில் பார்க்கவேண்டுமா, கீழ்த் தளத்தில் ஏறுங்கள். எஞ்சின் சத்தமும் டீசல் வாடையும் இலவசம். கோடையில் வியர்க்கும்.

1888இல் இதைக் கம்பெனியாக்கியவர் தோராப்ஜி நவ்ரோஜி, இந்தியாவிலிருந்து வந்த பார்சி. 1966இல் முதல் வகுப்புக்கு 5 சென்ட் ஏற்றப் போக, ஓர் இளைஞர் துறையிலேயே உண்ணாவிரதம் உட்கார்ந்தார். அது கௌலூன் கலவரம் வரை போனது. அன்றைக்கு அக்கரைக்குப் படகை விட்டால் வழியில்லை. 1972இல் சுரங்கச் சாலை, 1980இல் கடலடி ரயில் வந்தபிறகு ஆபீஸ் கூட்டம் அங்கே போய்விட்டது. எங்கள் காயல்பட்டினத்துப் பெரியவர்கள் ரத்தினக்கல் பொட்டலத்தைச் சட்டையின் உள்பையில் வைத்து, அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டு இதில்தான் சென்ட்ரலுக்கு வியாபாரத்துக்குப் போவார்களாம். இப்போது மேல் தளத்தில் செல்ஃபி எடுப்பவர்கள்தான் அதிகம்.

ஆனாலும் இந்த ஊர் எப்படிப் பிழைக்கிறது என்று பார்க்க இதைவிட மலிவான இடம் இல்லை. 2004இல் உலகத்திலேயே அதிகமாகக் கன்டெய்னர் கையாண்ட துறைமுகம் ஹாங்காங். மறு வருடம் சிங்கப்பூர் முந்தியது, அப்புறம் ஷாங்காய், பக்கத்து ஷென்சென். தொழிற்சாலைகள் அதற்கும் முன்பே, 80களிலேயே, எல்லை தாண்டி சீனாவின் குவாங்டோங் மாகாணத்துக்குப் போகத் தொடங்கிவிட்டன. இன்று பொருளாதாரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் சேவைத் துறை. நடுக்கடலில் நின்று சென்ட்ரல் கட்டடங்களின் நெற்றியைப் படியுங்கள்: வங்கி, இன்சூரன்ஸ், மறுபடி வங்கி. துணி, பொம்மை என்று ஒரு பெயர்கூடக் கண்ணில் படாது.

ஒரு குறை உண்டு, அது படகின்மேல் இல்லை. கடலைத் தூர்த்து நிலமாக்குவதற்காக 2006இல் சென்ட்ரலின் பழைய துறையை மூடிவிட்டார்கள். போராட்டம் நடந்தும் பயனில்லை. புதிய துறையிலிருந்து ரயில் நிலையத்துக்கு நல்ல நடை. 75 லட்சம் பேர் இருக்கும் ஊரில் ஐந்தில் ஒருவருக்குமேல் 65 வயது தாண்டியவர். மூட்டுவலிக்காரர்களுக்கு அந்த நடை சிரமம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏறினால் படகின் முகமே வேறு. மூன்றரை லட்சத்துக்குமேல் வீட்டுப் பணியாளர்கள் இங்கே இருக்கிறார்கள், பெரும்பாலும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியப் பெண்கள். பலருக்கு அன்றுதான் லீவு. சாப்பாட்டுப் பையும் மடித்த அட்டைப்பெட்டியுமாக சென்ட்ரல் நடைபாதைகளில் உட்காரப் போவார்கள். வார இறுதியில் மேல் தளம் 6.50, கீழ்த் தளம் 5.60 என்று அதே 2023இல் வைத்தார்கள். வேடிக்கை பார்க்க வருபவர்களுக்கு அது பெரிதில்லை. லீவே ஞாயிறு மட்டும் என்று இருப்பவர்களுக்கு வார நாள் கட்டணத்தையே வாங்கியிருக்கலாம்.