விளம்பரமில்லா ஃபேஸ்புக்: மூன்று பவுண்டுக்கு என்ன கிடைக்கிறது?

மதுரையில் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆன வாரம், ராத்திரி டியூட்டி இடைவேளையில் வாக்கர் விலை பார்த்தேன். ஒரே ஒரு கடையின் பக்கம்தான். அதற்கப்புறம் ஒரு மாதம் ஃபேஸ்புக்கில் அந்தக் கடையின் விளம்பரம் என்னை விடவே இல்லை. வாக்கர், கமோடு நாற்காலி, படியேற்றிவிடும் லிஃப்ட். ஃபோனை எட்டிப் பார்த்த என் பையன், "அம்மா, உனக்கா?" என்றான். எனக்கு வயது 42.

அந்த எரிச்சலில்தான் விளம்பரமில்லாத ஃபேஸ்புக்குக்குக் காசு கட்டினேன். பிரிட்டனில் இந்தச் சந்தாவை ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா அறிவித்தது 2025 செப்டம்பர் கடைசியில். விளம்பரத்தோடு இலவசமாகப் பார்க்கலாம், அல்லது மாதச் சந்தா கட்டி விளம்பரமில்லாமல் பார்க்கலாம். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

விலையில்தான் சூட்சுமம். பிரவுசர் வழியாகக் கட்டினால் 2.99 பவுண்டு, ஃபோன் ஆப்பில் கட்டினால் 3.99. ஆப்பிளும் கூகுளும் எடுக்கும் கமிஷன் அந்த ஒரு பவுண்டாக நம் தலையில் விழுகிறது. லண்டன் ஈஸ்ட் ஹாம் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு அவசரமாக ஆப்பில் கட்டியவள் நான். அதோடு, நம் மெட்டா கணக்குகளை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் கணக்கு மையத்தில் (Accounts Centre) என் இன்ஸ்டாகிராமும் இணைந்திருந்தது. இணைந்திருக்கும் ஒவ்வொரு கூடுதல் கணக்குக்கும் பிரவுசரில் 2 பவுண்டு, ஆப்பில் 3 பவுண்டு தானாகச் சேரும். ஆக மொத்தம் 6.99. என் வீட்டுக்காரர் கால்குலேட்டரைத் தட்டி, "பிரவுசரில் கட்டியிருந்தால் வருஷத்துக்கு 24 பவுண்டு மிச்சம்" என்றார். படிக்காமல் பட்டனை அமுக்கியது என் தப்பு, யாரைச் சொல்ல?

சரி, பலன்? விளம்பரம் போய்விட்டது, அதில் குறை சொல்ல முடியாது. அக்கா மகள் வளைகாப்புப் படங்களை நடுவில் ஒரு சோபா செட்டும் வராமல் கடைசிவரை பார்த்தேன். ஆனால் நான் பின்தொடரும் புடவைக் கடையின் பதிவுகள் வரத்தான் செய்கின்றன. குழுவில் இட்லி மாவு விற்கும் அக்காவும் அப்படியே இருக்கிறார். காசு வாங்கிக்கொண்டு ஃபேஸ் க்ரீமைப் புகழும் பிரபலங்களும் நிற்கவில்லை. அதெல்லாம் விளம்பரக் கணக்கில் சேராதாம்.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு கட்டுங்கள். நம் தகவலை விளம்பரத்துக்குப் பயன்படுத்த மாட்டோம் என்பதுதான் வாக்கு. தகவலே சேகரிக்க மாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. நான் வாங்கியது கண்ணுக்குக் கொஞ்சம் நிம்மதி, அவ்வளவுதான்.

இதுபோன்ற நிம்மதியைச் சந்தா கட்டாமல் வாங்கியவர் ஒருவர் உண்டு. டான்யா ஓ'கேரல் என்ற மனித உரிமை ஆர்வலர். கர்ப்பமான செய்தியை நெருங்கியவர்களிடம் சொல்வதற்கு முன்பே அவருக்குக் குழந்தை விளம்பரங்கள் வரத் தொடங்கின. லண்டனில் வழக்குப் போட்டார். 2025 மார்ச்சில் சமரசமாகி, அவர் தகவலை வைத்து விளம்பரம் காட்டுவதை நிறுத்த மெட்டா ஒப்புக்கொண்டது. நமக்கு வக்கீலுக்குக் கட்டுப்படியாகாது, 2.99 பரவாயில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்து ஆட்களைப் பார்த்தால்தான் வயிற்றெரிச்சல். அங்கே 2023 நவம்பரில் பிரவுசருக்கு 9.99 யூரோ என்று தொடங்கி, ஒரே வருஷத்தில் 5.99க்கு இறங்கினார்கள். விலை நம்மைவிட அதிகம்தான், ஆனால் கூடவே, காசும் கட்டாமல், நம்மை அதிகம் மோப்பம் பிடிக்காத விளம்பரங்களை மட்டும் பார்க்கும் மூன்றாவது வழியும் வந்தது. நடுநடுவே தள்ள முடியாத விளம்பரம் வரும், அது வேறு. 'சம்மதி அல்லது காசு கொடு' என்று முதலில் இரண்டே வழி வைத்ததற்காக 2025 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் மெட்டாவுக்கு 20 கோடி யூரோ அபராதம் போட்டது. பிரிட்டனில் எனக்கு அந்த மூன்றாவது பட்டன் வரவில்லை.

மாதம் முடிந்ததும் ஆப் சந்தாவை ரத்து செய்து, இன்ஸ்டாகிராமைக் கணக்கு மையத்திலிருந்து கழற்றிவிட்டு, பிரவுசரில் ஃபேஸ்புக்குக்கு மட்டும் 2.99 கட்டியிருக்கிறேன். இன்ஸ்டாவில் விளம்பரம் வந்தால் வரட்டும், அங்கே சமையல் வீடியோ தவிர வேறெதுவும் பார்ப்பதில்லை. கட்டுவதாக இருந்தால் நீங்களும் முதலில் கணக்கு மையத்தைத் திறந்து, எத்தனை கணக்கு தொங்கிக்கொண்டிருக்கிறது என்று எண்ணிவிடுங்கள். என் தோழிக்கு மூன்று இருந்தது. ஒன்று அவள் மறந்தேபோன பழைய கேக் வியாபாரக் கணக்கு.