செம்புக் குழாயா, ஜெட் ஹோல்டரா, 70 பார் பம்பா? சிஎன்சி லேத்தில் கூலன்ட் முனைக்குப் போய்ச் சேரும் வழிகள்

வாளையார் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் எட்டிமடை, மதுக்கரை. அந்தப் பக்கம் கஞ்சிக்கோடு. இரு பக்கத்துப் பட்டறைகளிலும் சிஎன்சி லேத்தில் அதிகம் ஏறுவது பம்புக்கான காஸ்ட் அயர்ன் பாகம், இஎன்8 (நடுத்தரக் கார்பன் எஃகு) ஷாஃப்ட், எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) 304 அல்லது 410 ஸ்லீவ், வால்வு ஸ்பிண்டில். எல்லாவற்றுக்கும் ஒரே கூலன்ட் (வெட்டுமுனையைக் குளிர்விக்கும் எண்ணெய் கலந்த தண்ணீர்) ஏற்பாடுதான். எஸ்எஸ் ஏறும் அன்று மட்டும் சுருள் (வெட்டில் வரும் உலோகச் சீவல்), ஜாப்பைப் பிடிக்கும் சக்கில் சுற்றும்; ஜாப்பைத் துண்டிக்கும் பார்ட்டிங் டூலின் இன்சர்ட் (மாற்றக்கூடிய கார்பைடு வெட்டுமுனை) உடையும். உடனே "ஹை பிரஷர் யூனிட் போட்டுருங்க" என்று யாராவது சொல்வார்கள். போடலாம். ஆனால் இப்போதுள்ள பம்ப் தருவதில் பாதி வழியிலேயே தொலைகிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

பம்ப் வாயில் ஒரு கேஜ், டரட்டுக்குள் (டூல்களைச் சுமந்து திரும்பும் தலை) ஹோஸ் நுழையும் இடத்தில் டீ போட்டு இன்னொரு கேஜ்; இரண்டும் 0–10 பார் (பார் என்பது அழுத்த அளவு) போதும். சக் நிற்கும்போது கூலன்டை ஓடவிட்டு, டூலுக்குக் கீழே 10 லிட்டர் பக்கெட் வைத்து நிரம்பும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்; நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று அதில் தெரியும். பிறகு நாசிலை அடைத்து கேஜைப் பாருங்கள். 40 மீட்டர் ஹெட் (தண்ணீரை ஏற்றும் உயரம்) என்று பிளேட்டில் போட்ட பம்ப், அடைத்த நிலையில் 4 பாருக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். 2 மட்டுமே காட்டினால் இம்பெல்லர் தேய்ந்திருக்கிறது, அல்லது ஃபேஸ் மாறி மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. எதிர்ப்பக்கம் சுற்றினாலும் இந்தப் பம்பில் தண்ணீர் வரத்தான் செய்யும்; அதனால் மாதக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை.

திறந்து ஓடும்போது இரண்டு கேஜுக்கும் 1 பாருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குற்றவாளி ஹோஸ். உள்விட்டம் 12 மி.மீ. இருந்த இடத்தில் 8 மி.மீ. வந்தால், அதே ஓட்டத்துக்கு இழப்பு சுமார் ஏழரை மடங்கு. அவசரத்துக்கு ஒட்டுப்போட்ட ஒரு சின்ன நிப்பிளும் இதே வேலையைச் செய்யும். டரட் கேஜ் சரி, நாசிலில்தான் வேகம் இல்லை என்றால் டரட் முகத்து சீலையும் டூல் பிளாக்கின் ஓ-ரிங்கையும் பாருங்கள். பிளாக்கின் பின்னால் வழிவது சன்னல் வழியே தெரியாது.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். மெஷினோடு வரும் பால் நாசிலுக்கு (குண்டு மூட்டில் எந்தப் பக்கமும் திருப்பக்கூடியது) செலவில்லை. 4 மி.மீ. ஓட்டை, 1 பார் அழுத்தம் என்றால் நிமிடத்துக்கு ஏழு லிட்டருக்கு மேல் கொடுக்கும். காஸ்ட் அயர்னுக்கும் இஎன்8 ரஃபிங்குக்கும் அது தாராளம். ஆனால் குறி நிலைக்காது. இன்சர்ட் முனைக்கும் நாசிலுக்கும் 60, 70 மி.மீ. தூரம் இருக்கும், அதற்குள் தாரை விரிந்துவிடும், சுருள் ஒருமுறை இடித்தால் நாசில் திரும்பிவிடும். 25 மி.மீ. சதுர ஷாங்க்குக்கு (டூலின் தண்டு) குறிவைத்த நாசிலில் ஆப்பரேட்டர் 20 மி.மீ. ஷாங்க்கைப் பேக்கிங் வைத்து ஏற்றியிருப்பார். ஷாங்க் வெளியே நீட்டியிருக்கும் ஓவர்ஹேங் மாறியிருக்கும், குறியை யாரும் திருத்தியிருக்க மாட்டார்கள்.

துண்டு துண்டாகக் கோக்கும் பிளாஸ்டிக் ஹோஸ் மில்லிங்குக்கு நல்லது. டரட் லேத்தில் அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். 2, 3 பாரிலேயே மூட்டு கழலும், எஸ்எஸ் சுருள் ஒரே இழுப்பில் எடுத்துப் போய்விடும்.

செம்புக் குழாய்தான் ஏழைக்கேற்ற எள்ளுருண்டை, ஆனால் சத்தானது. 6 மி.மீ. வெளிவிட்டம், 4 மி.மீ. உள்விட்டம். மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கித் தண்ணீரில் போட்டால் செம்பு மென்மையாகும் (எஃகுக்கு நேர் எதிர்). உள்ளே மணல் நிரப்பி வளைத்தால் மடிப்பு விழாது. வளைத்து முடித்ததும் மணலை முழுக்க ஊதி எடுக்க வேண்டும், இல்லையென்றால் முதல் ஜாப்பிலேயே அது ஸ்லைடில் போய் உட்காரும். முனையை வைஸில் லேசாக நசுக்கி, 1.5 மி.மீ. உயரமுள்ள பிளவாக்குங்கள். இன்சர்ட்டிலிருந்து 15 முதல் 20 மி.மீ. தூரத்தில், சுருள் எழும் இடத்தை நோக்கி வையுங்கள். ஷாங்க்கில் ஒரு கிளாம்ப் போட்டுக் கட்டிவிட்டால் டூலோடு குறியும் சேர்ந்து நகரும். செட்டிங்கில் குழாய் இடிக்கிறதா என்று இரண்டு இடம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: பெரிய விட்டத்தில் சக் ஜா திறந்திருக்கும் நிலை, டரட் திரும்பும்போது பக்கத்து போரிங் பார் (துளையைக் குடையும் டூல்).

ஜெட் ஹோல்டரில் இன்சர்ட்டைப் பிடிக்கும் கிளாம்ப் அல்லது ஹோல்டர் உடம்பிலேயே சுமார் 1 மி.மீ. ஓட்டைகள் இருக்கும், மேலிருந்து இரண்டு, கீழிருந்து ஒன்று என்பது வழக்கமான அமைப்பு. சாண்ட்விக்கின் கோரோடர்ன் எச்பி, சீகோவின் ஜெட்ஸ்ட்ரீம் போன்றவை இந்த ரகம். குறியை மாற்ற வழியில்லை, மாறவும் மாறாது. இதை வாங்கி மாட்டிவிட்டு "தண்ணியே வரலையே" என்பவர்கள் கணக்கைப் பார்ப்பதில்லை. மூன்று 1 மி.மீ. ஓட்டையில் 4 பாருக்கு நிமிடத்துக்கு 2.8 லிட்டர்தான் வரும். 20 பாரில் 6, 70 பாரில் கிட்டத்தட்ட 12. தாரையின் வேகம் 4 பாரில் நொடிக்கு 28 மீட்டர், 20-இல் 63, 70-இல் 118. அதனால் பழைய பம்போடு ஜெட் ஹோல்டர் போட்டால் குறி சரியாகும், சுருள் உடையாது. தனி ஹோஸ் கொடுக்கும்போது திரெட்டைக் கவனியுங்கள். ஹோல்டரில் பெரும்பாலும் ஜி 1/8 (நேர் பைப் புரி), இஞ்சுக்கு 28 புரி. கடையில் கைக்குக் கிடைத்த என்பிடி (அமெரிக்கக் கூம்புப் புரி) 1/8 ஃபிட்டிங் 27 புரி. இரண்டு மூன்று சுற்று சமர்த்தாக ஏறும், பிறகு இறுகும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் ஹோல்டரின் புரி போய்விடும்.

மேலிருந்து அடிப்பதா, கீழிருந்தா என்ற பட்டிமன்றம் பழையது. 1880களில் அமெரிக்கப் பொறியாளர் எஃப். டபிள்யூ. டெய்லர் சுருளின் மேல் தண்ணீரைக் கனமாக ஊற்றி வேகத்தை 30, 40 சதவீதம் கூட்டிக் காட்டினார். 1952-இல் பிகாட், கோல்வெல் என்ற ஆய்வாளர்கள் கீழே ஃபிளாங்க் பக்கம் (இன்சர்ட்டில் ஜாப்பை உரசும் முகம்) உயர் அழுத்தத் தாரையை விட்டார்கள். மேல் தாரை சுருளைத் தூக்கி உடைக்கும். கீழ்த் தாரை ஃபிளாங்க் தேய்மானத்தைக் குறைக்கும். சுருள் சுற்றுவதுதான் பிரச்சினை என்றால் மேல், எட்ஜ் சீக்கிரம் தேய்கிறது என்றால் கீழ். பார்ட்டிங்கில் இரண்டும் வேண்டும், ஏனென்றால் ஆழமான பள்ளத்துக்குள் வெளியிலிருந்து ஊற்றும் கூலன்ட் போகவே போகாது. வெளியே வரும் சுருள் அதைத் தள்ளிவிடும்.

20 பாருக்கும் 70 பாருக்கும் இடையில் பலர் தடுமாறுகிறார்கள். நிமிடத்துக்கு 20 லிட்டர் தரும் பம்பை 70 பாரில் ஓட்டினால் தண்ணீருக்குள் போகும் சக்தி 2.3 கிலோவாட். அத்தனையும் கடைசியில் டேங்கில் சூடாகத்தான் முடியும். 200 லிட்டர் டேங்க், வெளியே சூடு போகவில்லை என்று வைத்தால் மணிக்கு சுமார் 10 டிகிரி ஏறும். 50 மி.மீ. விட்டமுள்ள 304 ஸ்லீவ் 10 டிகிரிக்கு எட்டு மைக்ரானுக்கு மேல் பெருக்கும். காலையில் சரியாக வந்த சைஸ் மதியம் மாறிப்போவதற்கு ஆஃப்செட்டை (கன்ட்ரோலில் போடும் அளவுத் திருத்தம்) குறை சொல்லிப் பயனில்லை. 70 பார் என்றால் கூலன்டைக் குளிர்விக்கும் சில்லர் யூனிட்டையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும். அதே 20 லிட்டர் 20 பாரில் 0.67 கிலோவாட், மணிக்கு 3 டிகிரிதான்.

இந்த வட்டாரத்து எஸ்எஸ் ஜாப்புக்கு 20 பாரும் ஜெட் ஹோல்டரும் போதும் என்பதே என் தீர்ப்பு. இன்கோனல் (நிக்கல் உலோகக் கலவை), டைட்டானியம், ஆழத் துளை என்று தினமும் ஓடினால் 70. ஆனால் சுற்றுக்கு 0.1 மி.மீ. ஃபீடில் ஃபினிஷிங் போகிறவர், ரஃபிங் சிப் பிரேக்கர் (சுருளை உடைக்கும் பள்ளம்) உள்ள இன்சர்ட்டை வைத்துக்கொண்டு பம்பை மாற்றினால் காசுக்குக் கேடு. இன்சர்ட் ஜியோமெட்ரியை முதலில் மாற்றுங்கள்.

காஸ்ட் அயர்னும் எஸ்எஸ்ஸும் ஒரே மெஷினில் மாறி மாறி ஏறினால் ஹை பிரஷரைத் தொடாதீர்கள். வார்ப்புத் தூள் சேறாகி ஃபில்டரை அடைக்கும், 25 மைக்ரான் பையைத் தாண்டிய கொஞ்சம் தூளே ஹை பிரஷர் பம்பின் பிளஞ்சர் சீலை அறுக்கும். காஸ்ட் அயர்னுக்குத் தனி மெஷின், பால் நாசில் அல்லது உலர் வெட்டு.

தண்ணீரும் ஒரு தரப்பு. சிறுவாணித் தண்ணீர் மென்மையானது. 20 பாரில் அடித்தால் டேங்கில் நுரை பொங்கும், பம்ப் காற்றை உறிஞ்சும், கேஜ் முள் துடிக்கும். போர்வெல் கடினத் தண்ணீர் நுரைக்காது, ஆனால் எண்ணெயைப் பிரித்துப் பிசுக்காக்கி 1 மி.மீ. ஓட்டையை அடைக்கும். இரண்டையும் கலந்து கடினத்தன்மையை 100 முதல் 200 பிபிஎம்முக்குள் கொண்டுவாருங்கள். தண்ணீரில்தான் எண்ணெயை ஊற்ற வேண்டும். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாயின் வறண்ட காற்று டேங்கிலிருந்து தண்ணீரை மட்டும் கொண்டுபோய்விடும். 7 சதவீதம் எண்ணெய் கலந்தது தானாகக் கெட்டியாகும். எண்ணெய் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்து, டாப்-அப்பை 2, 3 சதவீதத்தில் ஊற்றுங்கள்.

யூனிட் மாட்டியாகிவிட்டது என்றால் புரோகிராமிலும் ஒரு வரி மாற வேண்டும். பழைய பழக்கத்தில் கூலன்ட் ஓடும்போதே டரட்டைத் திருப்பினால் 20 பார் அழுத்தம் முகத்து சீலைத் தின்றுவிடும். டூல் பின்வாங்கியதும் கூலன்டை நிறுத்தி, ஜி04-இல் (காத்திருக்கச் சொல்லும் கட்டளை) ஒரு நொடி காத்திருந்து, அழுத்தம் இறங்கிய பிறகு டரட்டைத் திருப்பும் இண்டெக்ஸ் கொடுங்கள். அடுத்த டூலில், முனை ஜாப்பைத் தொடும் முன்பே குழாய் நிரம்பியிருக்கும்படி டூல் ஜாப்பை நோக்கி வேகமாக நகரும் ரேபிட் வரியிலேயே கூலன்டைத் திறந்துவிடுங்கள்; சூடேறிய கார்பைடின் மேல் தாமதமாக விழும் கூலன்ட்தான் எட்ஜில் விரிசல் போடுகிறது.